திசைவேக–நேர வரைபடத்தின் பொருள்கோள்

1. முன்னுரை

செய்யுட்குப் பொருள் காண்போர், சொற்களைக் கிடந்தவாறே கொள்ள வேண்டிய இடமும், கொண்டு கூட்டிக் கொள்ள வேண்டிய இடமும் வெவ்வேறு என்பதை அறிவர். நன்னூலார் பொருள்கோளை எட்டாக வகுத்ததும் இதுபற்றியே. ஓரிடத்திற்குரிய முறையைப் பிறிதோரிடத்திற் கையாண்டால், சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தும் செய்யுளின் பொருள் திரிந்துவிடும். சொற்களால் ஆகிய செய்யுட்கேயன்றிக் கோடுகளால் ஆகிய வரைபடத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இயற்பியல் பயிலப் புகும் மாணாக்கர் முதலில் எதிர்ப்படும் வரைபடங்களுள் ஒன்று திசைவேக–நேர வரைபடம். காண்பதற்கு எளிது, இரண்டு அச்சுகளும் ஒரு கோடுமே அதன் உறுப்புகள். எனினும் அதற்குப் பொருள் கொள்வதில் மாணாக்கர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். அவ்விடர்ப்பாட்டில் ஒரு பகுதி கணிதத்தால் நேர்வது. மற்றொரு பகுதி மொழியால் நேர்வது. பின்னதை ஆராயும் கடமை தமிழ் கற்றோர்க்கும் உண்டு. அறிவியல் நூலைத் தமிழாக்குங்கால் மொழிநடையைத் திருத்துவோரும், கலைச்சொற்களை ஆராய்ந்து ஏற்போரும் பலகாலும் தமிழ்த்துறை சார்ந்தோரே. சொல்லின் வரலாறு அறிந்து, அச்சொல் சுட்டும் பொருளை அறியாமற் செய்யும் திருத்தம், நடையைச் செம்மைப்படுத்திக் கருத்தைக் கெடுத்துவிடக் கூடும்.

ஆதலின், இக்கட்டுரையில் முதற்கண் அவ்வரைபடத்திற்குப் பொருள் கொள்ளும் முறையைக் கூறி, அடுத்து அதிற் பிழை நேரும் இடங்களைக் காட்டி, பின்னர்த் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்கும் கலைச்சொற்கள் அப்பிழைகளோடு எவ்வாறு தொடர்புடையன என்பதை ஆராய்வோம்.

2. அடிப்படைச் சொற்கள்

ஒருவன் கிழக்கு நோக்கி 100 மீட்டர் நடந்து, அவ்வழியே திரும்பிப் புறப்பட்ட இடத்தை அடைகின்றான் என்க. அவன் நடந்த தொலைவு 200 மீட்டர்; ஆனால் அவனது இடப்பெயர்ச்சி சுழியம். தொலைவு என்பது கடந்த வழியின் நீளம்; இடப்பெயர்ச்சி என்பது தொடக்க இடத்திற்கும் இறுதி இடத்திற்கும் உள்ள இடைவெளி, திசையொடு கூட்டிச் சொல்லப்படுவது.

இவ்விரண்டையும் நேரத்தால் வகுக்கப் பிறப்பன இரண்டு. தொலைவினின்றும் பிறப்பது வேகம்; இடப்பெயர்ச்சியினின்றும் பிறப்பது திசைவேகம். நேர்கோட்டில் நிகழும் இயக்கத்திற்குத் திசைகள் இரண்டே. அவற்றுள் ஒன்றை நேர்க்குறியாலும் மற்றொன்றை எதிர்க்குறியாலும் குறிப்பது மரபு. எத்திசைக்கு எக்குறி என்பது குறிப்போன் விருப்பம். எதிர்க்குறி சிறுமையைக் காட்டுவதன்று, திசையைக் காட்டுவது என்பதை ஈண்டே உளங்கொள்ளல் வேண்டும். திசைவேகம் நேரத்தொடு மாறும் வீதம் முடுக்கம் எனப்படும்.

3. உயரம், சாய்வு, பரப்பு

கிடை அச்சில் நேரத்தையும் நிலை அச்சில் திசைவேகத்தையும் கொண்டு வரைவதே நாம் எடுத்துக்கொண்ட வரைபடம். இதில் உயரம், சாய்வு, பரப்பு என மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன.

ஒரு பேருந்து ஒரு நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, 10 நொடியில் நொடிக்கு 12 மீட்டர் என்னும் திசைவேகத்தைச் சீராக எய்துகின்றது; அடுத்த 20 நொடி அதே திசைவேகத்திற் செல்கின்றது; இறுதி 6 நொடியிற் சீராகத் தளர்ந்து அடுத்த நிறுத்தத்தில் நிற்கின்றது என்று கொள்வோம். இதற்குரிய கோடு முதலில் ஏறி, பின் கிடையாகச் சென்று, முடிவில் இறங்கும்.

கோட்டில் ஒரு புள்ளியின் உயரம் அக்கணத்துத் திசைவேகத்தைக் கூறும். 5 ஆம் நொடியில் உயரம் 6. எனவே அப்பொழுது பேருந்து நொடிக்கு 6 மீட்டர் வீதம் செல்கின்றது.

கோட்டின் சாய்வு முடுக்கத்தைக் கூறும். முதற் பகுதியில் 10 நொடியில் 12 உயர்ந்தமையால் நொடிக்கு 1.2 வீதம் திசைவேகம் கூடுகின்றது. இடைப்பகுதியிற் சாய்வு இன்மையால் முடுக்கம் இல்லை. பேருந்து நிற்கின்றது என்பது அதன் பொருளன்று. இறுதிப் பகுதியில் 6 நொடியில் 12 தாழ்ந்தமையால் சாய்வு எதிர்க்குறி பெற்று 2 ஆகின்றது.

கோட்டிற்கும் நேர அச்சிற்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சியைக் கூறும். முதல் முக்கோணம் 60, இடைச் செவ்வகம் 240, இறுதி முக்கோணம் 36. ஆகவே இரு நிறுத்தங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 336 மீட்டர். பரப்பு எவ்வாறு தொலைவாகும் என ஐயுறுவார்க்கு விடை எளிது. செவ்வகத்தின் நிமிர் பக்கம் திசைவேகம். கிடைப் பக்கம் நேரம். இரண்டையும் பெருக்கக் கிடைப்பது மீட்டரேயன்றிச் சதுர மீட்டர் அன்று. தாளிற் காண்பது பரப்பு. அது சுட்டுவது நீளம். குறிப்பானும் குறிக்கப்படும் பொருளும் வேறாதல் மொழியிற் பயின்றார்க்குப் புதுமையன்று.

4. பரப்பினால் தொலைவை அறிந்த வரலாறு

இப்பொருள்கோள் ஒரு நாளிற் பிறந்ததன்று. 14 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்து மெர்ட்டன் கல்லூரியைச் சார்ந்த அறிஞர்கள், சீராக விரைவு கூடும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் இடைக்கணத்து வேகத்தில் மாறாது செல்லும் பொருள் அதே நேரத்திற் கடக்கும் தொலைவிற்குச் சமம் என்னும் விதியைக் கண்டனர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் இவ்விதியை வடிவத்தாற் காட்டினார். நேரத்தை ஒரு கிடைக்கோடாகவும், ஒவ்வொரு கணத்து வேகத்தையும் அதன்மேல் எழும் செங்குத்துக் கோடாகவும் அவர் கொண்டார். அவ்வாறு அமையும் முக்கோணமும், அதன் பாதி உயரமுடைய செவ்வகமும் பரப்பிற் சமமாதலின் விதி நிறுவப்பட்டது.

1638 இல் வெளிவந்த கலிலியோவின் 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூலும் வீழ்பொருளின் இயக்கத்தை ஆராயுமிடத்து இத்தகைய வடிவத்தையே கருவியாகக் கொண்டது. எனவே, மாணாக்கர் ஒரு பாடவேளையிற் கற்கும் இவ்வரைபடம், அறிஞர்கள் மூன்று நூற்றாண்டுக் காலம் பயின்று உருவாக்கியது எனலாம். அதனைக் கற்பதில் இடர்ப்படுவோரை அறிவுக் குறையுடையர் எனக் கருதுதல் பொருந்தாது.

5. ஓர் உண்மை ஓட்டம்

பாடநூற் காட்டுகள் சீரானவை. உலகியல் இயக்கம் அவ்வளவு சீரானதன்று. 2009 ஆகஸ்டில் பெர்லின் நகரத்தில் ஜமைக்கா நாட்டு உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடினார். அவ்வோட்டத்தில் ஒவ்வொரு 20 மீட்டரையும் கடக்க அவர் கொண்ட நேரம் முறையே 2.89, 1.75, 1.67, 1.61, 1.66 நொடி.

இவற்றினின்றும் ஒவ்வொரு பகுதியின் சராசரித் திசைவேகத்தையும் கணித்தால், நொடிக்கு ஏறத்தாழ 6.9, 11.4, 12.0, 12.4, 12.0 மீட்டர் என வரும். இவற்றைக் கொண்டு வரைந்தால் ஐந்து செவ்வகங்கள் அடுத்தடுத்து நிற்கும். முதற் செவ்வகம் அகன்று தாழ்ந்தது. நான்காவது குறுகி உயர்ந்தது. ஆயினும் ஐந்தின் பரப்பும் 20 மீட்டரே. பரப்பென்பது யாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் காட்டு அரிது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஐந்தாம் செவ்வகம் நான்காவதினும் தாழ்ந்துள்ளது. ஓட்டத்தைக் கண்டோர்க்கு அவர் இறுதிவரை மேன்மேலும் விரைந்ததாகவே தோன்றும். வரைபடமோ, இறுதி 20 மீட்டரில் அவர் சிறிது தளர்ந்தார் என்கின்றது. தளர்ந்தார் எனினும் பின்னோக்கிச் சென்றாரல்லர். பிறர்க்கு முன்னரே சென்றார். உயரம் குறைதலும் திசை மாறுதலும் வெவ்வேறு என்பது இதனாற் பெறப்படும்.

6. கோட்டைப் பாதையெனக் கொள்ளும் பிழை

மாணாக்கர் இவ்வரைபடங்களிற் செய்யும் பிழைகளை அமெரிக்க நாட்டு இயற்பியற் கல்வியறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். லிலியன் மெக்டெர்மாட் முதலியோர் 1987 இலும், ராபர்ட் பைக்னர் 1994 இலும் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையிற் குறிப்பிடத்தக்கவை. அவர்கள் காட்டும் பிழைகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று, வரைபடத்தை ஓவியமாகக் கொள்ளுதல்; மற்றொன்று, உயரத்தையும் சாய்வையும் மயங்கக் கொள்ளுதல்.

ஏறி இறங்கும் கோட்டைக் கண்ட மாணவன், பொருள் ஒரு குன்றின்மேல் ஏறி இறங்கியது என்கின்றான். கோடு கிடையாகச் செல்லின் பொருள் நின்றுவிட்டது என்கின்றான். கோடு பாதையைப் போலத் தோன்றுவதாற் பாதையெனவே கொள்கின்றான். உவமத்தை உருவகமாக்கிக் கொள்ளும் இப்பிழைக்கு நமது மொழி வழக்கும் துணைசெய்வதுண்டு.

இரண்டு வண்டிகளை எண்ணுக. முதல் வண்டி நொடிக்கு 10 மீட்டர் என்னும் மாறாத் திசைவேகத்திற் செல்கின்றது. அது ஓரிடத்தைக் கடக்கும் கணத்தில், அவ்விடத்தே நின்றிருந்த இரண்டாம் வண்டி புறப்பட்டு, நொடிதோறும் நொடிக்கு 2 மீட்டர் வீதம் திசைவேகம் கூட்டிச் செல்கின்றது. வரைபடத்தில் ஒன்று கிடைக்கோடு. மற்றொன்று தொடக்கப் புள்ளியிலிருந்து ஏறும் கோடு. 5 ஆம் நொடியில் இரு கோடுகளும் சந்திக்கின்றன. வண்டிகளும் அங்கே சந்திக்கின்றனவா எனின், இல்லை. அப்பொழுது முதல் வண்டி 50 மீட்டர் சென்றுள்ளது. இரண்டாவது 25 மீட்டரே சென்றுள்ளது. இரண்டின் திசைவேகமும் சமம் என்பதே அப்புள்ளி கூறுவது. வண்டிகள் ஒன்றையொன்று எட்டுவது 10 ஆம் நொடியில். அப்பொழுது இரு பரப்பும் 100 ஆகிச் சமமாகும். வரைபடத்திலோ அக்கணத்திற் கோடுகள் பெரிதும் விலகி நிற்கும்.

"கோடுகள் சந்திக்கின்றன" என்னும் தொடரை எழுதும் ஆசிரியர் கோட்டையே கருதுகின்றார். படிக்கும் மாணவன் வண்டியைக் கருதுகின்றான். அத்தொடருக்கு அடுத்து "அக்கணத்தில் இரண்டின் திசைவேகமும் சமம்" என்னும் ஒரு சிறு தொடரைச் சேர்ப்பின் மயக்கம் அகலும். 'ஏறுகிறது', 'இறங்குகிறது', 'முந்துகிறது' என்பனவும் இத்தகையனவே. எழுவாய் கோடா, பொருளா, திசைவேகமா என்பது வெளிப்பட நிற்றல் வேண்டும். தமிழில் எழுவாய் தொக்கு நிற்றல் இயல்பு; செய்யுட்கு அஃது அழகு; ஈண்டோ அது மயக்கத்திற்கு வாயில்.

7. எதிர்க்குறி படுத்தும் பாடு

மயக்கம் மிக ஆழ்ந்து கிடப்பது எதிர்க்குறியிடத்து. ஒரு பந்தை நேர் மேலே நொடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் எறிகின்றோம். கணக்கின் எளிமை கருதிப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனவும், மேல்நோக்கிய திசையை நேர்க்குறி எனவும் கொள்வோம். காற்றின் தடையை நீக்கி நோக்கின், தொடக்கத்தில் திசைவேகம் 20. 1 ஆம் நொடியில் 10. 2 ஆம் நொடியிற் சுழியம். 3 ஆம் நொடியில் எதிர்க்குறி 10. கைக்குத் திரும்பும் 4 ஆம் நொடியில் எதிர்க்குறி 20.

பந்து ஏறி இறங்குகின்றது. கோடோ ஏறாமல், வளையாமல், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சாய்வில் இறங்குகின்றது. 2 ஆம் நொடியில் அது நேர அச்சைக் கடக்கும். பந்து திசை மாறும் கணம் அதுவே. அச்சிற்கு மேலுள்ள முக்கோணம் 20. கீழுள்ளது எதிர்க்குறி 20. கூட்டின் இடப்பெயர்ச்சி சுழியம். குறியை நீக்கிக் கூட்டின் தொலைவு 40 மீட்டர்.

இனி முடுக்கத்தை நோக்குவோம். சாய்வு நான்கு நொடியும் எதிர்க்குறி 10. உச்சியிற் பந்து ஒரு கணம் ஓய்ந்த நிலையிலும் சாய்வு மாறவில்லை. ஆதலின் முடுக்கமும் மாறவில்லை. முதல் இரண்டு நொடியில் பந்து தளர்கின்றது. அடுத்த இரண்டு நொடியில் விரைகின்றது. ஆகவே, முடுக்கம் எதிர்க்குறியுடையதாயின் பொருள் தளர்கின்றது என்னும் விதி இவ்வொரு காட்டினாலேயே வீழ்ந்துபடுகின்றது. கீழ்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொள்ளின் வரைபடம் தலைகீழாகும். முடுக்கம் நேர்க்குறி பெறும். எனினும் முதல் இரண்டு நொடியிற் பந்து தளர்வது தளர்வதே. குறி, நாம் இடுவது. தளர்ச்சி, பொருளின்கண் நிகழ்வது.

திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறி பெறின் பொருள் விரையும். வேறு வேறு குறி பெறின் தளரும். இதுவே உண்மையான விதி. தமிழ்நாட்டுப் பாட வழக்கில் தளர்ச்சியைக் குறிக்க 'எதிர் முடுக்கம்' என்னும் தொடர் பயில்வதுண்டு. அது குறியையும் தளர்ச்சியையும் ஒரு சொல்லில் அடக்கி, வேறான இரண்டை ஒன்றெனக் காட்டிவிடுகின்றது. பந்து கீழ் வரும்போது அச்சொல்லை நம்பிய மாணவன் வழி தடுமாறுகின்றான்.

8. இரு நாட்டு வழக்கு

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இப்பொருள்களுக்கு வேறு சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டில் வேகம் எனப்படுவது அங்கே கதி. இங்கே திசைவேகம் எனப்படுவது அங்கே வேகம். இங்கு முடுக்கம், அங்கு ஆர்முடுகல். தளர்ச்சிக்கு அங்கு அமர்முடுகல் என ஒரு தனிச்சொல் உண்டு. சாய்வை அங்குப் படித்திறன் என்பர்; வரைபடத்தை வரைபு என்பர்.

இவ்வேறுபாடுகளுள் ஏனையவை தீங்கற்றவை. புதுச்சொல்லைக் காணும் மாணவன் அதன் பொருளை வினவி அறிவான். வேகம் என்னும் சொல்லே இடர் தருவது. அஃது இரு வழக்கிலும் உண்டு, பொருளோ வேறு. மேற்காட்டிய பந்து கீழ்நோக்கி வரும் நிலையில், "பந்தின் வேகம் குறைகின்றது" என்று ஒருவர் குறி நோக்கிக் கணித முறையில் எழுதுகின்றார் என்க. இலங்கை வழக்கின்படி அது மெய். சுழியத்திலிருந்து எதிர்க்குறி 20 நோக்கிச் செல்லுதல் கணிதத்திற் குறைதலே. தமிழ்நாட்டு வழக்கின்படி அது பொய். அங்கு வேகம் சுழியத்திலிருந்து 20 ஆகக் கூடுகின்றது. ஒரே தமிழ்த் தொடர் ஒரு கரையில் மெய்யாகவும் மறு கரையிற் பொய்யாகவும் நிற்கின்றது. ஒரு நாட்டு நூலை மற்றொரு நாட்டு மாணாக்கர் எளிதிற் பெற்றுப் பயிலும் இந்நாளில் இதனைச் சிறிய செய்தியாகக் கருதல் ஆகாது.

9. முடுகும் முடுக்கும்

முடுக்கம், முடுகல் என்னும் சொற்களின் பிறப்பும் ஆராயத்தக்கது. முடுகுதல் விரைதல், முடுக்குதல் விரையச் செய்தல். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. ஓசை விரைந்து செல்லும் நடைக்கு இட்ட அப்பெயரின் வேரே இன்று இயற்பியலில் வழங்குகின்றது.

முடுக்கம் என்பதனை முடுக்கு என்னும் பிறவினையினின்றும் பிறந்ததாகக் கொள்ளின், முடுக்குவது ஒன்று உண்டு என்னும் கருத்து உடன்தோன்றும். அக்கருத்து இயற்பியலிற் பொய்யன்று. 1687 இல் வெளிவந்த நியூட்டனின் பெருநூல் முடுக்கத்திற்குக் காரணம் விசை என்று நிறுவிற்று. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட வரைபடம் காரணத்தைக் கூறுவதன்று. திசைவேகம் எவ்வாறு மாறியது என்பதை மட்டுமே அது கூறும். எதனால் மாறியது என்பதை அதிற் காண இயலாது. பேருந்தின் வரைபடத்தில் எந்திரமும் இல்லை, தடையும் இல்லை.

ஒழுகு என்பது ஒழுக்கம் என்றும், பெருகு என்பது பெருக்கம் என்றும், தன்வினைப் பகுதிகள் இரட்டித்துத் தொழிற்பெயராதல் தமிழில் உண்டு. அவ்வாறே முடுகு என்பது முடுக்கம் ஆயிற்று எனக் கொள்ளின், மாற்றத்தை மட்டும் சுட்டும் சொல்லாக அது நிற்கும். வரைபடத்திற்கு இப்பொருளே இயைவது. இலங்கை வழக்கின் முடுகல் என்னும் வடிவம் இவ்வையத்திற்கே இடமின்றித் தன்வினையாய் அமைந்துள்ளது. ஆர்தல் நிறைதல், அமர்தல் அடங்குதல் என்னும் பொருளனவாதலின், ஆர்முடுகல் விரைவு மிகுதலையும், அமர்முடுகல் விரைவு அடங்குதலையும் காட்டுவனவாகக் கொள்ளலாம்.

எனினும் அவ்வழக்கிற்கும் ஒரு குறை உண்டு. பந்தின் கோடு ஒன்றே, சாய்வும் ஒன்றே. அதன் முற்பாதியை அமர்முடுகல் என்றும் பிற்பாதியை ஆர்முடுகல் என்றும் பெயர் பிரித்தால், மாறாத ஒன்று மாறியதாகத் தோன்றும். தளர்ச்சி, விரைவு என்னும் நிலைகளைப் பிரிக்கும் சொற்கள் வேண்டும். இரண்டிற்கும் பொதுவாய்ச் சாய்வை மட்டும் சுட்டும் ஒரு சொல்லும் வேண்டும். அத்தகைய பொதுச்சொல்லாக முடுக்கம் நன்கு பயன்படும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

(1) திசைவேக–நேர வரைபடத்தில் உயரம் திசைவேகத்தையும், சாய்வு முடுக்கத்தையும், பரப்பு இடப்பெயர்ச்சியையும் சுட்டும். கோடு பொருள் சென்ற பாதையன்று.

(2) வரைபடத்தை விளக்கும் தொடர்களில் எழுவாய் தொகாது நிற்றல் வேண்டும். ஏறுவது, இறங்குவது, சந்திப்பது எது என்பது தொடரிலேயே விளங்க வேண்டும்.

(3) 'எதிர் முடுக்கம்' என்பதைக் குறியைச் சுட்டுமிடத்து மட்டும் ஆளுதல் தகும். தளர்ச்சியைச் சுட்டுதற்கு இலங்கையார் ஆளும் அமர்முடுகல் என்னும் சொல்லைத் தமிழ்நாட்டார் ஏற்றுக்கொள்ளலாம். அவ்வாறு கொள்ளின், "பந்தின் முடுக்கம் நான்கு நொடியும் எதிர்க்குறியுடையது, அமர்முடுகல் முதல் இரண்டு நொடியில் மட்டுமே" என மயக்கமின்றி எழுத இயலும்.

(4) வேகம் என்னும் சொல் இரு நாட்டிலும் இரு பொருள் தருதலின், இரு நாட்டார்க்கும் பயன்படும் நூல்களில் அதனை முதற்கண் வரையறுத்தே ஆளுதல் வேண்டும். திசைவேகம் என்னும் சொல் திசையைத் தன்னுள் வெளிப்படக் கொண்டிருத்தலின் மயக்கம் தருவதன்று. பொதுவழக்கிற்கு அதுவே ஏற்றது.

கலைச்சொல்லை ஆராய்வோர் அதன் தூய்மையையும் ஓசையையும் வேரையும் நோக்குதல் வழக்கம். அவற்றோடு, அச்சொல்லைக் கைக்கொண்ட மாணவன் ஒரு வரைபடத்தின் முன் நிற்கும்போது அஃது அவனுக்கு வழிகாட்டுமா, வழிமறிக்குமா என்பதையும் நோக்குதல் வேண்டும். மேலெறிந்த ஒரு பந்தின் கோடே அதற்கு உரைகல்லாகப் போதும்.